பூஜையில் வைத்த பேட்டரி

என் அம்மா என் அப்பாவை அடிப்பாள். இதைச் சொன்னால் நான் வாய் தவறி மாற்றிச் சொல்லிவிட்டதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். "அப்பா அம்மாவையா?" என்று எனக்கே திருத்தம் சொல்கிறார்கள். இல்லை. அம்மாதான், அப்பாவைத்தான். தோசைத் திருப்பியால், துணி காயப்போடும் கம்பால், கையில் எதுவும் அகப்படாவிட்டால் வளையல் போட்ட வெறுங்கையால். தெலுங்கு ஊரான மாரெட்பள்ளியில் ஒரு வாடகை வீட்டின் கீழ்ப்போர்ஷனில், நினைவு தெரிந்த நாள் முதல் பதின்மூன்று வயதுவரை நான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடிக்கும்போதும் அம்மா மரியாதை தவறமாட்டாள். "ஏங்க, ஒங்களுக்கு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? சொன்னா காதுல ஏறாதாங்க?" என்று, ஒரு 'ங்க'வைக்கூட விடாமல் அடி விழும். அப்பாவின் பெயரை அவள் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையுமாம். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வரும்.

அப்பா நோஞ்சான் இல்லை. அம்மாவைவிட ஒரு தலை உயரம். பாலாநகரில் விமானங்களுக்கு மின்னணுக் கருவிகள் செய்யும் அரசாங்கத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தார். அங்கே அவர் ஒரு கருவியைத் தள்ளுபடி செய்தால் பெரிய அதிகாரி வந்தாலும் மாற்ற முடியாது என்பார்கள். வீட்டிலோ, அடி விழப்போகிறது என்று தெரிந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். அவருடைய எதிர்ப்பு அவ்வளவுதான். கண்ணாடி உடைந்தால் மறுநாள் வேலை கெட்டுவிடுமே என்ற கவலை.

பக்கத்து வீட்டில் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற, உருது பேசும் ஒரு முதியவர் இருந்தார். எங்கள் வீட்டில் பெரிய சத்தம் கேட்டால் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "கைக்கு இத்தா ஆவாஜ் பேட்டா?" என்று என்னிடம் கேட்பார். எதற்கு இவ்வளவு சத்தம் என்று. கார் மேட்டைச் சுவரில் அடித்துத் தூசி தட்டுகிறோம் என்று அவர் பாஷையிலேயே சொல்வேன். "ஹவ், ஹவ்" என்று ஆமாம் போட்டு, நம்பியவர்போல் தலையை இழுத்துக்கொள்வார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எவன் மேட் தட்டுவான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கார் வந்ததே ஒரு அடியோடுதான். தொழிற்சாலையில் ஓய்வுபெற்றுச் சொந்த ஊருக்குப் போன ஒரு அதிகாரியின் பழைய கறுப்புக் கார். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பா வாங்கிவிட்டார். ஒரு சனிக்கிழமை அதை ஓட்டிக்கொண்டு வந்து கேட் முன்னால் நிறுத்தியதும் தெருவில் உள்ளவர்கள் எல்லாம் வெளியே வந்தார்கள். அம்மா சிரித்த முகமாக ஆரத்தி கரைத்து எடுத்துவந்து சுற்றி, பானட்டில் குங்குமம் வைத்து, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு அந்த ஆரத்தித் தட்டாலேயே அப்பாவின் காதோடு சேர்த்து ஒன்று வைத்தாள். ஆரத்தித் தண்ணீர் சுவரெல்லாம் சிவப்பாக வழிந்தது. ஏதோ கொலை நடந்த வீடு போல இருந்ததை நான்தான் துணியால் துடைத்தேன்.

அம்மாவின் கேள்வியில் நியாயம் இருந்தது. வேலைக்குப் போக கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொள்ளும், அங்கேயே இறக்கிவிடும். அப்புறம் கார் எதற்கு? அப்பா பதில் சொன்னதே இல்லை. ஓடாமல் நிற்கும் காரில் முதலில் சாவது பேட்டரி. அதனால் வாரம் முழுவதும் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் சும்மா நின்ற அந்தக் காருக்கு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் பணிவிடை நடந்தது.

அம்மாவுக்குப் பெட்ரோல் வாடை ஆகாது, குமட்டும். கொட்டகைப் பக்கமே வரமாட்டாள். இதை நான் சீக்கிரம் கண்டுகொண்டேன். உலகத்தில் அப்பாமேல் அடி விழாத இடம் இரண்டுதான். ஒன்று தொழிற்சாலை, இன்னொன்று காரின் உள்ளே. நானும் போய்ப் பின்சீட்டில் ஏறிக்கொள்வேன். வா என்று அவர் கூப்பிட்டதும் இல்லை, போ என்று சொன்னதும் இல்லை.

முதலில் ரப்பர் மேட்டுகள் வெளியே போகும். கீழே விரித்திருந்த செய்தித்தாள் சிவப்புத் தூசியில் நறநறவென்று இருக்கும், அதைச் சுருட்டி எடுப்பார். ரெக்சின் சீட்டைச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் ஒருமுறை, வெறும் துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை துடைப்பார். வாழைப்பழம் விற்பவனின் தராசு போல ஒரு பக்கம் தாழ்ந்திருந்த அந்தப் பின்சீட்டுக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் ஒரு இடுக்கு உண்டு. கையை மணிக்கட்டுவரை விட்டு அதைத் துழாவுவார். அதில் இருந்ததெல்லாம் என் சொத்து. ஹேர்பின், பாதிப் பென்சில், பஸ் டிக்கெட், நான் தின்றுவிட்டுத் துப்பிய புளியங்கொட்டைகள். அப்பா தூசியை மட்டும் எடுப்பார். என் சாமான்களைத் துடைத்துவிட்டு எது எங்கே இருந்ததோ அங்கேயே திருப்பி வைப்பார். புளியங்கொட்டையைக்கூட. வீட்டில் என் பென்சில் பெட்டியை யாரும் அவ்வளவு மதித்ததில்லை.

உள்ளே முடிந்ததும் பானட் திறக்கும். பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் பச்சையும் வெள்ளையுமான பொடியைக் கரைக்க வெந்நீரில் ஆப்ப சோடா போட்டு ஊற்றுவார். அது நுரைத்துச் சீறும். ஆறு மூடிகளையும் திருகி எடுத்து, ரப்பர் குமிழ் வைத்த ஹைட்ரோமீட்டரால் உள்ளேயிருக்கும் ஆசிட்டை உறிஞ்சி, மிதவை எந்த உயரத்தில் நிற்கிறது என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்ப்பார். குறைந்த அறைகளில் தண்ணீர் விடுவார். முனைகளில் கிரீஸ் தடவுவார். ஒரு சொட்டு ஆசிட் தெறித்தாலும் துணி அடுத்த வெளுப்பில் பொத்துவிடும். அப்பாவின் பேண்ட்டுகளில் எல்லாம் சல்லடைக் கண் போல ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டைக்கும் அம்மா கணக்குத் தீர்த்தாள்.

பேட்டரிக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது. அப்பா எங்கள் ஃப்ரிட்ஜின் மேலறையில் படியும் பனியைச் சுரண்டி உருக்கி, ஒரு பாட்டிலில் பிடித்து ஃப்ரிட்ஜ் கதவிலேயே வைத்திருப்பார். உப்பில்லாத சுத்தத் தண்ணீர் அது. ஒருநாள் அம்மாவின் சங்கீத சபாவிலிருந்து இரண்டு பெண்மணிகள் வந்தார்கள். வெயிலில் வந்தவர்களுக்கு அம்மா அந்தப் பாட்டிலை எடுத்து ஊற்றிக் கொடுத்துவிட்டாள். அப்பா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் இன்ஸ்பெக்‌ஷன்காரர் ஆயிற்றே.

"அது பேட்டரித் தண்ணியில்லா?" என்றார்.

ஒரு பெண்மணி குடித்ததைத் தன் பட்டுப்புடவையிலேயே துப்பினாள். இன்னொருத்தி தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். அது வெறும் பனித்தண்ணீர்தான், ஒன்றும் செய்யாது என்று அப்பா எவ்வளவோ சொல்லியும் அவர்கள் நேராக டாக்டரிடம் போனார்கள். அன்றைக்கு அம்மா அடித்த அடியில் துணிக்கம்பு இரண்டாக முறிந்தது. முறிந்த பிறகும் கையிலிருந்த பாதியால் அடித்தாள். "எனக்குன்னு இந்த ஊர்ல நாலு பேரு இருந்தாங்க. அதையும் கெடுத்துட்டீங்களேங்க" என்று அழுதுகொண்டே அடித்தாள். நான் நடுவில் போய் நின்றேன். என்னை ஒரு கையால் அலுங்காமல் ஒதுக்கிவிட்டு மறு கையால் தொடர்ந்தாள். என்மேல் அவள் அதுவரை கைவைத்ததே இல்லை.

அடுத்த ஞாயிறு அப்பாவின் முதுகு பனியனோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து பேட்டரி மூடியைத் திருகும்போது நான் கேட்டேன்.

"அப்பா, நாம எங்கயாவது போயிருவோமா?"

அவர் மிதவையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "போணும்னா மொதல்ல பேட்டரி நல்லா இருக்கணும்லா."

இதை நான் வாக்காக எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? கார் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நானும் அப்பாவும் போவதற்கு. அன்றிலிருந்து பேட்டரிப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொட்டகைக்குள் போய் ஹார்னை லேசாகத் தொட்டுப் பார்ப்பேன், குரல் கம்மியிருக்கிறதா என்று. பனி சுரண்டுவது, சோடா ஊற்றுவது, மூடி திருகுவது எல்லாம் என் கைக்கு வந்தன. கழற்றும்போது எர்த் ஒயர் முதலில், மாட்டும்போது அது கடைசியில் என்று பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டேன். என் பாவாடையிலும் ஓட்டைகள் விழுந்தன. அம்மா அதற்கும் அப்பாவைத்தான் அடித்தாள்.

அந்த வருஷத்து ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறு அப்பா காரை என்றைக்கும் இல்லாத வேகத்தில் சுத்தம் செய்தார். பின்சீட்டையே கழற்றி வெளியே வைத்தார். மதியம் என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதப் பையை நீட்டினார்.

"ஒன் சாமானெல்லாம் இதுல இருக்கு. வீட்டுக்குள்ள வச்சிக்க. பூசைக்குக் காரு சுத்தமா இருக்கணும்."

எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. திறந்துகூடப் பார்க்காமல் அலமாரிக்குள் போட்டேன். பூஜைக்கு முந்தின சாயங்காலம் அவர் பேட்டரியைக் கழற்றி சார்ஜ் போடும் கடைக்கு எடுத்துப்போய் முழுசாக ஏற்றிக்கொண்டு வந்தார். அதுவும் பூஜைக்காகத்தான் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் அம்மா கெடுபிடி. பூஜையில் வைத்த எதையும் மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை தொடக்கூடாது. பாடப் புத்தகம், கத்தரிக்கோல், அரிவாள்மணை எல்லாம் அடங்கும். அதனால் காய்கறியை முதல்நாளே நறுக்கிவிடுவாள். கார் வந்த பிறகு பேட்டரியும் ஸ்பேனரும் ஹைட்ரோமீட்டரும் அந்த வரிசையில் சேர்ந்தன. காரை வெறுத்தாளே தவிர, அதன் ஆயுதங்களைச் சாமிக்கு வைக்காமல் விடமாட்டாள். கூடத்தில் மணை போட்டு, நடுவில் பேட்டரியை வைத்து, அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, ஒட்டினாற்போல் குத்துவிளக்கை ஏற்றினாள்.

அப்பா குளித்துவிட்டு வந்து பார்த்தார். மணைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"வெளக்கக் கொஞ்சம் தள்ளி வையேன். இப்பத்தான் சார்ஜ் ஏத்துனது. பேட்டரில இருந்து கேஸ் வரும், தீப்பிடிக்கும்."

"சாமி வெளக்குல தீப்பிடிக்குமாக்கும்" என்றாள் அம்மா.

அப்பா எட்டி, விளக்கைத் தானே நகர்த்தினார். எண்ணெய் தளும்பியது, திரி முங்கியது, விளக்கு அணைந்துவிட்டது.

கூடத்தில் சுண்டல் தாளித்த வாசனை மட்டும் இருந்தது. அம்மா அணைந்த விளக்கைப் பார்த்தாள். அப்பாவின் இடது கை கண்ணாடிக்குப் போயிற்று. வலது கை மணைமேல் ஊன்றியபடி இருந்தது. யாரும் தொடக்கூடாது என்று அவளே குங்குமம் இட்டு வைத்த ஸ்பேனரை அம்மா எடுத்தாள். எடுத்து அந்த வலது கைமேல் இறக்கினாள். ஒரு முறை இல்லை. தேங்காய் உடைக்கும்போது முதல் அடியில் உடையாவிட்டால் மறுபடி ஓங்குவோமே, அப்படி.

"வெளக்க அணச்சிட்டீங்களேங்க" என்றாள். "நல்ல நாளும் அதுவுமா, என் வெளக்க அணச்சிட்டீங்களேங்க."

அப்பா கத்தவில்லை. நான்தான் கத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ சத்தம் கூடியது. அம்மா ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, கை கழுவி, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவளுக்கு எப்போதும் அப்படித்தான், மழை விட்ட மாதிரி விட்டுவிடும். அப்பாவின் நடுவிரலும் மோதிர விரலும் ஒரு மாதிரி கோணிக்கொண்டு நின்றன. அதில் ஒட்டியிருந்தது குங்குமமா இரத்தமா என்று தெரியவில்லை.

அவர் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "பேட்டரிய எடு."

எனக்கு வந்தது பயம் அல்ல, சந்தோஷம். இன்றைக்கு நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. அப்பாவின் விரல்கள் முறிந்து தொங்குகின்றன, நான் உள்ளுக்குள் குதிக்கிறேன். கீழே கிடந்த ஸ்பேனரைப் பாவாடையில் செருகிக்கொண்டேன். பேட்டரியை ஒரு பக்கம் அவர் இடது கையால் பிடிக்க, மறு பக்கம் நான் பிடித்து, பூஜையிலிருந்து அலுங்காமல் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனோம். அவரால் ஸ்பேனர் பிடிக்க முடியாது. எல்லாம் நான்தான் செய்தேன். பேட்டரியை அதன் தட்டில் உட்கார வைத்தேன். ஒயரை மாட்டி இறுக்கினேன், எர்த்தைக் கடைசியில் மாட்டினேன். சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. அவசரத்திலும் கிரீஸ் தடவினேன். பானட்டை மூடிவிட்டு, ஸ்பேனரை அங்கேயே தரையில் வைத்துவிட்டு, ஓடிப்போய்ப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

அப்பா ஓட்டும் இடத்தில் உட்கார்ந்து, தலைக்கு மேலிருந்த காரின் கண்ணாடி வழியே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"செருப்பு எங்க?"

பூஜை என்பதால் வெறுங்காலோடு இருந்தேன். "பின்பக்கம் துவைக்கற கல்லுகிட்ட இருக்குப்பா."

"போட்டுட்டு வா. வெறுங்காலோட எங்க போறது?"

வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். ஒரு செருப்பின் வாரை மாட்டி, மற்றதில் கால் நுழைக்கும்போது செல்ஃப் சத்தம் கேட்டது. ஒரே திருப்பு. இருமவில்லை, திணறவில்லை, முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு முதலில் பெருமையாக இருந்தது. பேட்டரியை அவ்வளவு நன்றாக வைத்திருந்தேன்.

அப்புறம் கியர் விழும் சத்தம். வாரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கேட் திறந்து கிடந்தது. கொட்டகைத் தரையில் எண்ணெய்க் கறையும் ஸ்பேனரும் இருந்தன. தெருமுனையில் கார் திரும்புவதை மட்டும் பார்த்தேன். பின் கண்ணாடியில் எதுவும் இல்லை, அத்தனை சுத்தம்.

அம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். காலியான கொட்டகையைப் பார்த்தாள். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"செருப்பக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வாட்டி" என்றாள். "இன்னும் படைக்கல."

தொழிற்சாலையின் வேறு ஊர் யூனிட்டுக்கு அப்பா மாற்றல் கேட்டிருந்ததும், அது கிடைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்ததும் பிறகு தெரிந்தது. கம்பெனி பஸ்ஸில் வரும் எல்லோருக்கும் தெரியுமாம். அவர் திரும்பி வரவில்லை. அம்மாவின் கை அந்த வாரமே என் பக்கம் திரும்பியது. எனக்குக் கண்ணாடி கிடையாது, கழற்றி வைக்க எதுவும் இல்லை. "ஒங்கப்பன அனுப்பி வச்சது நீதானடி" என்று சொல்லிச் சொல்லி அடிப்பாள். அடித்துவிட்டு எண்ணெய் தடவுவாள். அவளை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். கடைசிவரை அவள் என்னை விட்டு எங்கும் போகவில்லை. கைநீட்டி ஒருநாளும் என்னை அடிக்காத அந்த நல்ல மனிதரைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்று பூஜை முடிந்து, சுண்டலைத் தின்ன முடியாமல் தின்றுவிட்டு, அலமாரியிலிருந்து அந்தக் காகிதப் பையை எடுத்தேன். ஏதாவது இருக்கும் என்று தரையில் கொட்டினேன். ஹேர்பின்கள், பாதிப் பென்சில், பஸ் டிக்கெட்டுகள். எல்லாவற்றையும் துடைத்து வைத்திருந்தார். அடியில் புளியங்கொட்டைகள். சீட்டைக் கழற்றித் துழாவி, ஒரு கொட்டையைக்கூட அந்தக் காரில் விட்டுவைக்காமல் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்திருந்தார்.